ரப்பர் வளையம் போடாதீர்கள்! நழுவாத ஸ்டோக்கின் பற்றி நாலு வார்த்தை



காய்ச்சல், இருமல், இரத்தக் கொதிப்பு என்று பெரிய விஷயங்களை எழுதும் இந்தப் பகுதியில், இந்தத் தடவை ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். காலில் போடும் காலுறை. நம் பேச்சில் சொன்னால் ஸ்டோக்கின். "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா, டிரெசர் ஐயா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒரு தாயாரின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அவர் பெயர் வேண்டாம். வயது ஐம்பதுக்கு மேல். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. ஒரு நாள் தலைவலி மாத்திரை கேட்டு மருந்து ரூமுக்கு வந்தார். நடையில் ஒரு இழுப்பு தெரிந்தது.

"என்னம்மா, காலை ஒரு மாதிரி வைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. பூட்ஸ் கடிச்சிருக்கும்."

"கழட்டுங்க, பார்ப்போம்."

"வேணாம் தம்பி. காட்டுல இருந்து நேரா வர்றேன், நாத்தமடிக்கும்."

வற்புறுத்திக் கழற்ற வைத்தேன். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்பு வளையம். பழைய மோட்டார் சைக்கிள் டியூபை விரலகலத்துக்கு வெட்டி, ஸ்டோக்கின் நழுவாமல் இருக்க மாட்டியிருக்கிறார். வளையத்தை எடுத்தால், கயிறு கட்டிய தடம் போல் சதை குழிந்து கிடக்கிறது. அதற்குக் கீழே கால் வீங்கியிருக்கிறது. இடது காலில் வளையம் இல்லை. அது போன வாரமே அறுந்துவிட்டதாம். அந்த ஸ்டோக்கின் குதிகாலைவிட்டு நழுவி, பூட்ஸின் முன்பக்கம் பந்து போல் சுருண்டு கிடந்தது. அந்தச் சுருளின் மடிப்பு அழுத்திய இடத்தில், சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு புண். ஓரம் கறுத்து, உள்ளே சீழ் வைத்திருந்தது.

"வலிக்கலையாம்மா?"

"இல்லையே தம்பி. வலிச்சா நான் சும்மா இருப்பேனா?"

அவருக்குப் பல வருஷமாக இனிப்பு நீர். காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. நமக்கெல்லாம் ஒரு மணல் உள்ளே போனாலே பூட்ஸை உதறச் சொல்லும் கால், அவருக்கு விரல் அழுகும்போதும் வாய் திறக்கவில்லை.

அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது.

தோழர்களே, இதில் என் தவறும் உண்டு. மாதாமாதம் அவருக்கு இனிப்பு நீர் மாத்திரை கொடுத்தவன் நான்தான். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தேன். மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். ஒரு தடவைகூட, "பூட்ஸைக் கழட்டுங்கம்மா" என்று கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஸ்டோக்கின் ஏன் நழுவுகிறது?

"எலாஸ்டிக் லூசாப் போச்சு, அதான்" என்று எல்லாரும் சொல்வோம். அது ஒரு காரணம்தான். இன்னும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நம் காலின் வடிவம். கணுக்காலில் காலின் சுற்றளவு சின்னது. மேலே போகப் போக ஆடுசதை பருக்கிறது. முழங்காலுக்குக் கீழே மறுபடியும் கொஞ்சம் சின்னதாகிறது. ஒரு மரவள்ளிக் கிழங்கை எடுத்து, அதன் பருத்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். அது மெல்லிய பக்கம்தான் நகரும். ஸ்டோக்கினின் வாயும் அப்படித்தான். ஆடுசதையின் பாதியில் வந்து நிற்கும் ஸ்டோக்கினுக்குக் கீழ்ப்பக்கம் சரிவு. எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இறங்கத்தான் பார்க்கும். ஆடுசதையைத் தாண்டி மேலே போய், முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே நிற்கும் ஸ்டோக்கின் இறங்க வேண்டுமானால் பருத்த சதையைத் தாண்டி வர வேண்டும். அதனால் அது நிற்கும்.

இரண்டாவது, பூட்ஸ். நம் ரப்பர் பூட்ஸுக்குக் கயிறு கிடையாது. ஒரு சைஸ் பெரிதாக இருந்தால் நடக்கும்போது குதிகால் உள்ளே மேலும் கீழும் போகும். கால் மேலே எழும்பும்போது பூட்ஸ் பின்தங்குகிறது. பூட்ஸின் உள்துணி ஸ்டோக்கினைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. ஒரு அடிக்கு ஒரு நூல் அளவு இறங்கினாலும் போதும். காலையில் பெரட்டு முடிந்து காட்டுக்குள் இறங்கியதிலிருந்து நீங்கள் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறீர்கள்? பத்து மணிக்குள் ஸ்டோக்கின் பாதத்துக்கு அடியில் வந்துவிடும்.

மூன்றாவது, குதிகால். மலிவு ஸ்டோக்கின் சில, நீளக் குழாய் போல் பின்னப்பட்டிருக்கும். குதிகால் உட்காரப் பை இருக்காது. பை இருந்தால் அது குதிகாலைக் கவ்விக்கொள்ளும். இல்லாவிட்டால் பிடிமானமே இல்லை. சட்டை மாட்டுகிற ஆணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணி இல்லாத சுவரில் சட்டை எப்படித் தொங்கும்?

ஆக, ஸ்டோக்கின் நிற்பது இறுக்கத்தால் அல்ல, வடிவத்தால். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ரப்பர் வளையம் ஏன் கூடாது?

தண்ணீர் நிரம்பிய வாளியை அதன் மெல்லிய கம்பியில் தூக்கினால் கை அறுபடும். அதே கம்பியில் துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கினால் வலி குறையும். பாரம் அதேதான், அது இறங்குகிற இடம் அகலமாகிவிட்டது. விரலகல ரப்பர் வளையம் அந்த வாளிக் கம்பி போன்றது. அழுத்தம் முழுவதும் ஒரே கோட்டில் விழும். தோலுக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்கள் நசுங்கும். பாதத்திலிருந்து மேலே திரும்ப வேண்டிய இரத்தம் தேங்கும். கால் வீங்கும். வீங்கிய காலில் வளையம் இன்னும் இறுகும். வளையத்துக்கு அடியில் வேர்வை தங்கித் தோல் புண்ணாகும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. அவர்களுக்கு ஏற்கெனவே காலில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். புண் வந்தால் சீக்கிரம் ஆறாது. இனிப்பு நீர் யாரோ ஒருவருக்கு வரும் நோய் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது இருந்தது. இந்தியர்களிடையே அதைவிடவும் அதிகம். பெரட்டுக் களத்தில் உங்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

கடையில் வாங்கும்போது

பாசார் மாலாமில் கட்டாக விற்பதை அப்படியே அள்ளிக்கொண்டு வராதீர்கள். ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

குதிகால் பை இருக்கிறதா? ஸ்டோக்கினை மேசையில் தட்டையாக வையுங்கள். 'ட' எழுத்துப் போல் வளைந்து இருக்க வேண்டும். நேர்க் குழாயாக இருந்தால் பூட்ஸுக்கு உதவாது.

வாய்ப்பட்டி எவ்வளவு அகலம்? மேல் வாயில் வரிவரியாகப் பின்னியிருக்கும் பகுதி குறைந்தது நான்கு விரல் அகலம் இருக்கட்டும். ஓரத்தில் மட்டும் மெல்லிய எலாஸ்டிக் ஓடும் ஸ்டோக்கின், ரப்பர் வளையத்துக்குத் தம்பிதான்.

இழுத்து விட்டால் திரும்புகிறதா? வாயை இரண்டு கையாலும் விரித்து விடுங்கள். உடனே பழைய அளவுக்கு வர வேண்டும். பொட்டலத்தில் ஸ்பாண்டெக்ஸ், எலாஸ்டேன், லைக்ரா என்று ஏதாவது எழுதியிருக்கும். மூன்றும் ஒரே பொருளுக்குள்ள பெயர்கள்தான். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த நூல் அது. ஸ்டோக்கின் முழுவதும் அது கொஞ்சம் கலந்திருந்தால், ஓரிடத்தில் இறுக்காமல் கால் முழுவதையும் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும்.

என்ன நூல்? முழுப் பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். நனைந்ததும் தளர்ந்து தொங்கும். ஈரத் தோலில் உராய்வு கூடுவதால் கொப்புளமும் சீக்கிரம் வரும். பருத்தியோடு பாலியெஸ்டரோ நைலோனோ கலந்தது காட்டு வேலைக்கு நல்லது.

அளவு சரியா? 'ப்ரீ சைஸ்' என்பது எல்லாருக்கும் பொருந்தும் என்பார்கள். உண்மையில் அது யாருக்கும் சரியாகப் பொருந்தாது. சுவரில் குதிகால் படும்படி ஒரு தாளின் மேல் நின்று, பெருவிரல் நுனியில் கோடு போட்டு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்டோக்கின் இழுபடும் பொருள். ஆகவே தட்டையாக வைக்கும்போது அதன் பாதம் உங்கள் பாதத்தைவிட 2 செ.மீ. அளவு குட்டையாக இருந்தால் போட்டதும் சுருக்கம் இல்லாமல் நிற்கும். ஆனால் விரல்களை மடக்கி அழுத்தக் கூடாது. நீளமாக இருந்தால் மிச்சத் துணி மடிந்துதான் ஆக வேண்டும். மடிந்த இடத்தில்தான் புண்.

பூட்ஸையும் பாருங்கள்

வெறும் ஸ்டோக்கினோடு பூட்ஸுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்பக்கம் தொடும் வரை காலைத் தள்ளுங்கள். பின்னால் குதிகாலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஒரு விரல் போனால் அளவு சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் பூட்ஸ் பெரிது. மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றும் வரை உள்ளே ஒரு தடித்த அட்டையை, அதாவது இன்சோலை, போட்டுக்கொள்ளுங்கள். குதிகால் எழும்புவது குறையும். ஸ்டோக்கினின் வாய் எப்போதும் பூட்ஸின் வாயைவிட உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பூட்ஸின் விளிம்பு ஆடுசதையில் உரசி வட்டமாகத் தோலை எடுத்துவிடும்.

பழைய ஸ்டோக்கினுக்குப் புது வாய்

நம் தோட்டத்தில் துணி தைக்கும் ஒரு சகோதரியிடம் இந்தப் பிரச்சினையைச் சொன்னேன். அவரும் நானும் இரண்டு மூன்று விதமாகத் தைத்துப் பார்த்தோம். முதலில் நாடா எலாஸ்டிக் வைத்தோம். தடம் விழுந்தது. பிறகு இப்படிச் செய்தோம்.

பழைய பனியன் சட்டையின் இடுப்புப் பட்டியிலோ கழுத்துப் பட்டியிலோ வரிப்பின்னல் துணி இருக்கும். அதில் 8 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டுங்கள். முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே காலின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 35 செ.மீ. இருந்தால், பட்டியின் நீளம் 30 செ.மீ., தையலுக்கு இன்னும் 2 செ.மீ. இரு முனையையும் சேர்த்து வளையமாக்கி, தளர்ந்துபோன ஸ்டோக்கினின் வாயில் வைத்துத் தையுங்கள். நேர்த்தையல் போடாதீர்கள், இழுக்கும்போது அறுந்துவிடும். வளைந்து வளைந்து போகும் சிக்ஸாக் தையல் போடுங்கள். அது துணியோடு சேர்ந்து விரியும். தையல் மேடு வெளிப்பக்கம் இருக்கட்டும், தோலில் படக் கூடாது.

போட்டுப் பாருங்கள். பட்டிக்கு அடியில் இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும். அரை மணி நேரம் நடந்துவிட்டுக் கழற்றுங்கள். லேசான வரி தெரிந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் சரி. குழி விழுந்து அப்படியே நின்றால் பட்டியை இன்னும் தளர்த்துங்கள்.

அந்தத் தாயார் இப்போது இதைத்தான் போடுகிறார். கணக்குப் பார்த்தால் ஒரு பழைய சட்டை, கொஞ்சம் நூல்.

அட்டைக்கு வேறு ஸ்டோக்கின்

மழைக் காலத்தில் பள்ளத்து நிரையில் வேலை செய்பவர்கள் கேட்பார்கள்: "ஸ்டோக்கின் போட்டும் அட்டை கடிக்குதே ஐயா?" பின்னிய துணியில் கண் உண்டு. சின்ன அட்டை அந்தக் கண் வழியாகவே நுழைந்துவிடும். அதற்கு நெருக்கமாக நெய்த துணி வேண்டும். காடாத் துணி, மலாயில் பெலாச்சு என்பார்களே, அது போதும். முழங்கால் வரை நீளமாகத் தைத்து, வாயில் நாடா கோத்து, சாதாரண ஸ்டோக்கினுக்கு மேலே போட்டு அதன்மேல் பூட்ஸ் மாட்ட வேண்டும். பகாங் பக்கம் தாமான் நெகாராவுக்குக் காடு சுற்றப் போகிறவர்களும் இந்த மாதிரி அட்டை உறைதான் போடுகிறார்கள்.

தைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நெய்த துணி விரியாது. காலை உள்ளே விடும்போது தடுக்கும் இடம் குதிகாலிலிருந்து மேல்பாதம் வரைக்குமான குறுக்குச் சுற்றளவு. அதை அளந்து 4 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். துணியைச் சாய்வாகத் திருப்பி வெட்டினால் கொஞ்சம் இழுபடும். பின்னல் துணி பரவாத காலத்தில் ஐரோப்பாவில் காலுறைகளை இப்படித்தான் வெட்டித் தைத்தார்கள். நாடா இரண்டு விரல் அகலத்தில் இருக்கட்டும். மெதுவாக முடிச்சுப் போடுங்கள். இங்கேயும் ரப்பர் வளையம் வேண்டாம்.

மருந்து பம்பு அடிப்பவர்கள் மட்டும் காற்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே சொருகினால் வழிகிற மருந்து நேராகப் பூட்ஸுக்குள் இறங்கும். மருந்து பட்ட ஸ்டோக்கினை உடனே கழற்றி, காலை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

துவைப்பதும் காய வைப்பதும்

லயத்தில் நான் அடிக்கடி பார்ப்பது, அடுப்புக்கு மேலே ஸ்டோக்கின் தொங்குவது. மறுநாள் காலையில் காய்ந்திருக்க வேண்டுமே என்ற அவசரம் புரிகிறது. ஆனால் சூடு எலாஸ்டிக் நூலைக் கொன்றுவிடும். கொதிநீரும் குளோராக்ஸும் அப்படித்தான். உள்பக்கத்தை வெளியே திருப்பி, சாதாரணத் தண்ணீரில் துவைத்து, கையால் முறுக்கிப் பிழியாமல் அழுத்திப் பிழிந்து, காற்றோட்டமுள்ள நிழலில் போடுங்கள். மூன்று ஜோடி வைத்துக்கொண்டால் ஒன்று காலில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில்.

நாலாவதாக ஒன்று முடிந்தால், பசியாறும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்தால் பசியாறும் நேரத்தில் காலைத் துடைத்து மாற்றிவிடலாம். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில், நீர் தேங்கிய பதுங்கு குழிகளில் நின்ற சிப்பாய்கள் பலருக்குக் கால் அழுகியது. ஸ்டோக்கினை மாற்று, காலைத் துடை என்று பட்டாளத்தில் உத்தரவே போட்டார்கள். அங்கே குளிர். இங்கே வெயில். ஆனால் மணிக்கணக்கில் ஊறிய தோல் எங்கேயும் கெட்டுத்தான் போகும். நம் தோட்டத்தில் அது சேத்துப்புண்ணாக வருகிறது. வெடித்த தோல் வழியாக எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலின் கிருமியும் நுழையலாம்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தனியாக

வெள்ளை அல்லது வெளிர் நிற ஸ்டோக்கின் போடுங்கள். இரத்தமோ சீழோ பட்டால் கண்ணுக்குத் தெரியும். கறுப்பில் தெரியாது. பூட்ஸ் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வேலை முடிந்ததும் இரண்டு காலையும் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பேரப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம், சிவப்பு, வீக்கம், எது இருந்தாலும் அன்றே மருந்து ரூமுக்கு வாருங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலி வராமலே போகலாம்.

நம் உரிமை

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பை முதலாளியிடம் வைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஸ்டோக்கின் என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் பூட்ஸ் கொடுக்கும்போது, "கையில இருக்கிறது இதுதான், போட்டுக்க" என்று இரண்டு சைஸ் பெரியதைக் கொடுத்தால் அது பாதுகாப்பு ஆகாது. அளவெடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் உங்கள் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் பூட்ஸோடு வருஷத்துக்கு சில ஜோடி ஸ்டோக்கினும் கேட்டால் என்ன? சங்கம் யோசிக்கட்டும்.

அந்தத் தாயார் இப்போது நாற்றுப் பண்ணையில் பை நிரப்பும் வேலை செய்கிறார். போன வாரம் மருந்து ரூமுக்கு வந்தவர், தன்னோடு புதிதாக வேலைக்கு வந்த ஒரு வங்காளதேசத்துப் பையனையும் கூட்டி வந்தார். அவன் காலில் ஒரு டியூப் வளையம்.

"தம்பி, இவன் பாஷை எனக்குத் தெரியாது. என் காலைக் காட்டினேன். புரிஞ்சுக்கிட்டான். இவனுக்கும் அளவெடுத்துச் சொல்லு."

அளவெடுத்தேன். வளையத்தை நானே வெட்டிப் போட்டேன்.

தோழர்களே, இன்று சாயங்காலம் வேலை முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் ஸ்டோக்கினைக் கழற்றிப் பாருங்கள். காலில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவின் காலையும் அப்பாவின் காலையும் பாருங்கள். வளையம் இருந்தால் கத்தரிக்கோலை எடுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தோட்ட மருத்துவ உதவியாளர்